யாரிடம் அனுப்புவது? போதை மீட்பு உளவளத்துணையாளரின் பயிற்சியும் தகுதிச் சான்றும்

அம்பாறைக் கரையோரத்தின் அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில் பக்கத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை ஐஸ் போதைப்பொருள் பாவிக்கத் தொடங்கிவிட்டான் என்று தெரியவந்தால், குடும்பத்தார் படியேறும் வாசல்களின் ஒழுங்கு ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் உறவில் மூத்த ஒருவர், அடுத்துப் பள்ளிவாசல் மௌலவி, பிறகு அவனைப் படிப்பித்த ஆசிரியர். கையில் பணம் இருந்தால் தூரத்து ஊரில் ஒரு தனியார் நிலையம். எல்லாம் கைவிட்ட பின் பொலிஸ். இவர்கள் ஒவ்வொருவரும் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். ஆனால் இந்த வரிசையில் முறையாகப் பயின்று, தேர்வில் தேறி, தன் வேலைக்கு ஓர் அமைப்பிடம் பதில் சொல்லக் கடமைப்பட்ட உளவளத்துணையாளர் எங்கே வருகிறார்? அப்படி ஒருவர் வந்தாலும், அவர் தகுதியானவர் என்று ஒரு தாய் எதை வைத்து அறிவது?

இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பல பக்கங்களிலிருந்தும் பார்க்கிறது. தொழில் எப்படிப் பிறந்தது, இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது, கொழும்பிலும் சென்னையிலும் என்ன நடந்தது, பயிற்சியைப் பற்றி ஆய்வுகள் எதைக் காட்டின என்று பார்த்துவிட்டு நம் கரையோரத்துக்கு வருகிறது. சான்றிதழ் வழங்க வழிகள் இருக்கின்றன. சான்றிதழ் பெற்றவருக்குப் பின்னால் நிற்க வேண்டிய மேற்பார்வைதான் நம்மிடம் இல்லை என்பதே இதன் முடிவு.

தொழில் பிறந்த விதம்

போதை மீட்பு உளவளத்துணை ஒரு தனித் தொழிலாக உருப்பெற்றது அமெரிக்காவில். 1935இல் தோன்றிய ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ இயக்கம், குடியிலிருந்து மீண்ட ஒருவர் இன்னொரு குடிநோயாளிக்குத் துணை நிற்க முடியும் என்று காட்டியது. 1950களில் மினசோட்டா மாநிலத்தின் வில்மர் அரச மனநல வைத்தியசாலையில் வைத்தியர் நெல்சன் பிராட்லியும் உளவியலாளர் டானியல் அன்டர்சனும் இன்னொரு படி போனார்கள். மீண்டவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, வைத்தியர், தாதி, சமூக சேவையாளர் ஆகியோருடன் ஒரே குழுவில் வேலை செய்ய வைத்தார்கள். பட்டம் பெறாதவர் நோயாளியிடம் பேசுவதா என்ற எதிர்ப்பு அன்றே எழுந்தது. அரச நிதியும் காப்புறுதிப் பணமும் இத்துறைக்குள் வந்தபோது, பணம் கொடுப்பவர்கள் தகுதியைக் கேட்டார்கள். 1970களிலும் 80களிலும் மாநிலச் சான்றிதழ்கள் பெருகின. 1981இல் அவற்றை ஒரே தரத்துக்குள் கொண்டுவரும் கூட்டமைப்பும் உருவானது.

அனுபவத்தால் வந்த அறிவுக்கும் படிப்பால் வந்த அறிவுக்கும் இடையிலான இந்த இழுபறி இன்றும் தீரவில்லை. மீண்டவரின் சொல்லுக்கு ஒரு தனி வலு உண்டு. ‘இவனுக்கு என் நிலை தெரியும்’ என்று வருபவர் உடனே நம்புகிறார். ஆனால் தன்னை மீட்ட வழியே எல்லோரையும் மீட்கும் என்று அவர் நினைத்துவிடும் அபாயமும் உண்டு. நல்ல சான்றிதழ் முறை இவ்விரு அறிவில் ஒன்றைத் தள்ளாமல் இரண்டையும் ஒரே மேற்பார்வையின் கீழ் கொண்டுவருகிறது.

இலங்கையின் சட்டமும் நிறுவனங்களும்

இலங்கையில் போதைப்பொருள் பற்றிய சட்டத்தின் வேர் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை அமைத்தது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானோரின் சிகிச்சையையும் புனர்வாழ்வையும் நேரடியாகத் தொட்டது. சிகிச்சை நிலையங்கள் சபையிடம் உரிமம் பெற வேண்டும் என்றும், விரும்பி வருவோருக்கும் நீதவான் உத்தரவில் அனுப்பப்படுவோருக்கும் சிகிச்சை அளிக்கலாம் என்றும் அது சொல்கிறது.

சபையின் நெடுங்கால வதிவிடச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் அமைந்தவை. எல்லாமே மேல், மத்திய, தென் மாகாணங்களில். தனியார், தொண்டு முயற்சிகளில் சுமித்ரயோ அமைப்பின் ‘மெல் மெதுர’வும், 1987 முதல் இயங்கும் மதுசார, போதைப்பொருள் தகவல் நிலையமும் நாடறிந்தவை. பொலனறுவை மாவட்டத்தின் கந்தக்காடு, சேனபுர நிலையங்கள் வேறு வகை. புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகத்தின் கீழ் வந்த அவற்றில் படைத்துறை ஒழுங்கே மேலோங்கி நின்றது. 2022 ஜூன் இறுதியில் கந்தக்காட்டில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். இத்தகைய நிலையங்களை நிருவகிக்க முன்வைக்கப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று கண்டது. திருத்தங்களுடன் 2023ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாக அது நிறைவேறியது. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கையில் பல்லாயிரக்கணக்கானோர் கைதானார்கள்.

கைது செய்ய ஆட்பலம் இருக்கும் நாட்டில், கைதானவரோடு உட்கார்ந்து பேசத் தேர்ந்தவர்களின் தொகை மிகச் சிறியது. அவர்களை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடும் அரைகுறையானது. வைத்தியருக்கு மருத்துவச் சபை இருக்கிறது. சட்டத்தரணி உயர் நீதிமன்றத்தில் பதிவாகிறார். உளவளத்துணையாளருக்கோ அத்தகைய சட்டபூர்வப் பதிவுச் சபை கிடையாது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடத்துக்கு உரிமம் கேட்கிறது. உள்ளே இருந்து பேசுபவருக்குத் தனிப்பட்ட உரிமம் என்று ஒன்று இல்லை. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் உளவளத்துணை டிப்ளோமாவும் பல்கலைக்கழகப் பாடநெறிகளும் உண்மையான படிப்புகள்தான். ஆனால் அவற்றை முடித்தவரும் இரண்டு நாள் பட்டறையில் கலந்துகொண்டவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள இன்று தடையில்லை.

கொழும்பிலிருந்து உலகுக்குப் போன சான்றிதழ்

இத்துறையில் உலகின் பல நாடுகள் பின்பற்றும் பாடத்திட்டமும் சான்றிதழும் கொழும்பிலிருந்தே வளர்ந்தன என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் மாநாட்டில் கருக்கொண்டது கொழும்புத் திட்டம். அதன் தலைமையகம் இன்றும் கொழும்பில்தான். 1973இல் அது போதைப்பொருள் ஆலோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. 2009இல், அமெரிக்க அரசின் நிதியுதவியோடு, போதை மீட்புப் பணியாளருக்குப் பயிற்சியும் சான்றிதழும் வழங்கும் மையத்தை அமைத்தது.

அந்த மையம் பரப்பிய உலகளாவிய சிகிச்சைப் பாடத்திட்டத்தின் அடிப்படை நிலை எட்டுப் பாடங்களாக அமைக்கப்பட்டது: போதைப்பொருள் உடலிலும் மூளையிலும் செய்வது, சிகிச்சையின் தொடர் கட்டங்கள், கூடவே வரும் உள, உடல் நோய்கள், அடிப்படை உளவளத்துணைத் திறன்கள், உள்வாங்கலும் மதிப்பீடும் பதிவேடும், ஒருவருக்குத் தேவையான சேவைகளை ஒருங்கிணைத்தல், நெருக்கடி நேரத் தலையீடு, தொழில் ஒழுக்கம். இவற்றோடு கல்வித் தகுதி, வேலை அனுபவம், எழுத்துத் தேர்வு, ஒழுக்கக் கோவைக்கு உடன்பாடு ஆகியவை சேர்ந்து, படிப்படியாக உயரும் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. ஐக்கிய நாடுகள் போதைப்பொருள், குற்றச்செயல் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2020இல் திருத்தி வெளியிட்ட சிகிச்சைக்கான சர்வதேச நியமங்களும் பயிற்சி பெற்ற, மேற்பார்வைக்குட்பட்ட பணியாளரையே வலியுறுத்துகின்றன.

அட்டாளைச்சேனைக்கும் கொழும்புத் திட்டத் தலைமையகத்துக்கும் இடையே முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வீதி இருக்கிறது. அதைவிடப் பெரிய இடைவெளி மொழி. தமிழில் மட்டுமே நோயாளியிடம் பேசப்போகும் ஒருவர், தமிழிலேயே கற்று, தமிழிலேயே பேசிப் பழகி, தமிழிலேயே மதிப்பிடப்பட வேண்டும். தாங்கள் கொடுக்கும் சான்றிதழ் அம்பாறைக் கரையில் எந்த மொழியில் வேலை செய்யப் போகிறது என்பதைச் சான்றளிப்பவர்கள் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

கற்க வேண்டியது என்ன?

‘நாலு நல்ல வார்த்தை சொல்ல எதற்குப் படிப்பு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நோன்பு மாதத்தின் முதல் நாளை எடுத்துக்கொள்வோம். பல வருடமாக மறைவில், நாள் தவறாமல் நிறையக் குடித்து வந்த ஒருவர் நல்ல நிய்யத்தோடு அன்றே முழுக்க நிறுத்துகிறார். குடும்பத்துக்கு ஆனந்தம். ஆனால் நிறுத்திய ஆறு மணி முதல் 48 மணி நேரத்துக்குள் அவருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் கைகால் நடுங்கி, இல்லாததைக் கண்டு பிதற்றி, காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். மதுவை வைத்தியக் கண்காணிப்பில்லாமல் திடீரென நிறுத்துவது சிலருக்கு மரணமாக முடியும். பயிற்சி பெற்றவர் முதல் சந்திப்பிலேயே கேட்பார்: கடைசியாக எப்போது குடித்தீர்கள், நாளுக்கு எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? பயிற்சி இல்லாதவர் ‘அல்ஹம்துலில்லாஹ், விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிடுவார்.

ஹெரோயின் இதற்கு மாறானது. அதை நிறுத்தும்போது வரும் வேதனை பெரிது, ஆனால் அது பெரும்பாலும் உயிரை எடுப்பதில்லை. ஆபத்து பின்னால் இருக்கிறது. சில மாதம் தடுப்பில் இருந்து வெளியே வந்தவர் பழைய அளவை எடுத்தால், பழக்கம் விட்டுப்போன உடல் அதைத் தாங்காது. ஆகவே விடுதலையாகும் நாளுக்கு முன்பே அவரையும் குடும்பத்தையும் எச்சரிப்பது உளவளத்துணையாளரின் கடமை.

ஐஸ் எனும் மெதம்பெட்டமைன் இன்னொரு வகை. அதற்கு அடிமையானவரை மீட்கவென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. நிறுத்திய நாட்களில் ஆழ்ந்த சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைகாட்டலாம். சிலருக்குச் சந்தேகமும் மாயக்குரல்களும் நீடிக்கலாம். ஆய்வில் வலுவாக நிரூபணமானவை நடத்தை சார்ந்த சிகிச்சைகளே. குறிப்பாக, பாவிக்காமல் இருந்ததைப் பரிசோதனையில் உறுதிசெய்து உடனுக்குடன் சிறு வெகுமதி தரும் முறை. இதன் பொருள் பாரதூரமானது. ஐஸ் விடயத்தில் பேசுபவரின் திறமையே சிகிச்சையின் பெரும்பகுதி. அவர் தேராதவர் என்றால் அங்கே சிகிச்சையே நடக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

அந்தத் திறமை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். இளைஞன் சொல்கிறான்: “நான் நெனச்சா நாளைக்கே விட்ருவன்.” நம்மில் பலரும் உடனே கேட்போம்: “அப்ப ஏன் இன்னும் விடல்ல? உம்மாட கண்ணீரப் பார்க்கலையா?” அவன் தலையைக் குனிந்துகொள்வான், அடுத்த முறை வரமாட்டான். பயின்றவர் சொல்வது வேறு: “விடணும் எண்டு ஒரு மனசு சொல்லுது. அந்த மனசு எப்பப்ப பேசுது?” இப்போது விடுவதற்கான காரணங்களை அவனே சொல்லத் தொடங்குகிறான். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் வளர்த்தெடுத்த ஊக்கமூட்டும் நேர்காணலின் உயிர்நாடி இதுதான். படித்துப் புரிந்துகொள்ள ஒரு நாள் போதும். கண்டிக்கத் துடிக்கும் நாவை அடக்கி, அதைக் கைவரப் பெறுவதற்கு நெடுநாள் பழக்கம் வேண்டும்.

பட்டறை மட்டும் போதுமா?

மில்லரும் சகாக்களும் 1980இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், குடிப்பழக்கத்துக்கு உதவி நாடியவர்களுக்கு ஒரே சிகிச்சை முறையைப் பல துணையாளர்கள் வழங்கினார்கள். ஆறு மாதத்துக்குப் பின் கண்ட பலன் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, துணையாளர் எவ்வளவு பரிவோடு செவிமடுத்தார் என்பதோடு பொருந்தி வந்தது.

அந்தச் செவிமடுப்பைப் பட்டறையில் கற்பிக்க முடியுமா? 2001இல் மில்லரும் மவுண்டும் வெளியிட்ட சிறிய ஆய்வில், பட்டறைக்கு வந்தவர்கள் தாங்கள் பெரிதும் மாறிவிட்டதாக நம்பினார்கள். அவர்களின் உரையாடல் ஒலிப்பதிவுகளில் மாற்றம் சிறிதளவே இருந்தது. எதிரில் இருந்தவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. 2004இல் உரிமம் பெற்ற 140 பணியாளர்களைப் பல குழுக்களாகப் பிரித்து நடந்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பட்டறை மட்டும் பெற்றவர்களின் திறன் மாதங்கள் செல்லச் செல்லத் தேய்ந்தது. பட்டறைக்குப் பின் தங்கள் உரையாடல் பற்றிய மதிப்பீட்டையோ தனிப்பட்ட வழிகாட்டலையோ பெற்றவர்கள் கற்றதைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பாடத்தை நம் கரையோரம் ஆய்விதழ் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அடுத்த மாதங்களில் எங்கெங்கிருந்தோ உளசமூக உதவி என்ற பெயரில் அமைப்புகள் வந்தன. குறுகிய பயிற்சிகளும் சான்றிதழ்களும் தாராளமாக வழங்கப்பட்டன. திட்டக்காலம் முடிந்ததும் பல அமைப்புகள் புறப்பட்டுவிட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் தாங்கள் கேட்ட துயரங்களோடு தனியே நின்றார்கள். 2007இல் வெளியான சர்வதேச அனர்த்தகால உளநல வழிகாட்டி, தொடர் மேற்பார்வை இல்லாத ஒரு தடவைப் பயிற்சிகளைத் தவிர்க்கும்படி சொன்னது. அதே தவறைப் போதை விடயத்தில் நாம் மீண்டும் செய்யக் கூடாது.

சென்னை காட்டிய வழி

தமிழில் போதை மீட்புப் பணியாளரை உருவாக்கிய நெடிய அனுபவம் சென்னைக்கு உண்டு. 1979இல் குடிநோயால் கணவர் டி.டி. ரங்கநாதனை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் அவர் பெயரில் ஓர் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு பகுதியில் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனையாக அது வளர்ந்தது. உடல்நிலையைச் சீராக்கும் மருத்துவம், பிறகு குழுவாகவும் தனியாகவும் உளவளத்துணை, குடும்பத்தாருக்குத் தனித் திட்டம், வெளியேறிய பின் தொடர் சந்திப்பு என்ற ஒழுங்கை அது நிலைநாட்டியது. பிற நிறுவனங்களின் பணியாளருக்குப் பயிற்சி தரும் வட்டார மையமாகவும் இந்திய அரசு அதை ஏற்றது.

நமக்கு அதிகம் பயன்படக்கூடியது அவர்களுடைய மஞ்சக்குடி முயற்சி. நகர மருத்துவமனைக்கு வர இயலாத கிராமத்தவருக்காக, காவிரிப் படுகையின் மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் நடத்தி, ஊர்ப் பெரியவர்களையும் உள்ளூர் நிறுவனங்களையும் பொறுப்பாளர்களாக்கி, பின்தொடர்தலையும் அங்கேயே செய்தார்கள். அந்த அனுபவத்தை சாந்தி ரங்கநாதன் 1994இல் ‘அடிக்‌ஷன்’ ஆய்விதழில் பதிவு செய்தார். வயலும் சிறு ஊர்களும் நெருங்கிய உறவுகளும் கொண்ட நம் பகுதிக்கு இது அயல் மாதிரி அல்ல.

அதே தமிழ்நாட்டில் மறுபக்கமும் இருக்கிறது. உரிமமோ தகுதியான ஆளோ இல்லாத மீட்பு மையங்களில் நோயாளிகளை அடித்ததாகவும் அடைத்து வைத்ததாகவும், மரணங்கள் நேர்ந்ததாகவும் செய்திகள் வந்து, அதிகாரிகள் மையங்களை மூடியிருக்கிறார்கள். தகுதியைக் கேட்காத இடத்தில் தடியே சிகிச்சையாகிவிடுகிறது.

கரையோரத்தின் தனித் தேவைகள்

பாடத்திட்டம் எவ்வளவு சிறந்ததாயினும் அட்டாளைச்சேனையின் வீட்டமைப்பை அது அறியாது. இங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்பது வழமை. ஆகவே போதைக்கு அடிமையான குடும்பஸ்தர் வாழ்வது மாமியார் வீட்டில், மனைவியின் சகோதரிகளுக்கு அயலில். அவருடைய உம்மா வேறு வளவில். அவமானத்தைச் சுமப்பது ஒரு குடும்பம், மறைத்துப் பணம் கொடுப்பது இன்னொரு குடும்பமாக இருக்கலாம். விடயம் முற்றினால் அது காழி நீதிமன்றம் வரை போகும். குடும்ப அமர்வுக்கு யாரை அழைப்பது, யாரை முதலில் தனியாகச் சந்திப்பது என்பதை இந்த அமைப்பை அறிந்தவரே தீர்மானிக்க முடியும். முதலில் உதவி கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் மனைவியரும் என்பதால் பெண் உளவளத்துணையாளர்கள் இங்கே கட்டாயத் தேவை.

இரகசியம் இன்னொரு சிக்கல். உறவினரையும் நண்பரையும் நோயாளியாக ஏற்காதே என்று ஒழுக்கக் கோவைகள் சொல்கின்றன. எல்லோரும் ஏதோவொரு வழியில் சொந்தமான ஊரில் அதை அப்படியே கடைப்பிடித்தால் யாரையும் பார்க்க முடியாது. எப்போது ஏற்பது, எப்போது நிந்தவூருக்கோ அக்கரைப்பற்றுக்கோ மாற்றி அனுப்புவது என்று கலந்து பேச, மேலே ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

அச்சமும் ஒரு தடை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் முஸ்லிம் குடும்பங்கள் அரச விசாரணையையும் தடுப்பையும் நெருக்கத்தில் பார்த்தன. 2021இல் தீவிரவாத நீக்கத்துக்கென்று புனர்வாழ்வு ஒழுங்குவிதிகளும் வர்த்தமானியில் வந்தன. புனர்வாழ்வு என்றாலே முள்வேலியை நினைக்கும் சமூகத்தில், உளவளத்துணையாளர் பொலிஸுக்குத் தகவல் கொடுப்பவர் அல்லர் என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். அதை மீறினால் சான்றிதழ் பறிக்கப்படும் என்ற விதியும் கூடவே வேண்டும்.

நம்மிடமே இருக்கும் முன்மாதிரி

மேற்பார்வையோடு கூடிய வெளிக்களப் பணி இலங்கைக்குப் புதிதல்ல. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள் முதல் நாடு கட்டியெழுப்பிய குடும்பநல மாது சேவையைப் பாருங்கள். அவர் முறையாகப் பயில்கிறார், மருத்துவச் சபையில் பதிவாகிறார், தனக்கென ஒதுக்கிய பிரிவில் வீடு வீடாகப் போகிறார். பதிவேடு எழுதுகிறார். மேற்பார்வையாளர் அவரைக் களத்தில் பார்க்கிறார். மாதந்தோறும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தன் வேலைக்கு விளக்கம் சொல்கிறார். இலங்கையின் தாய்சேய் மரணங்கள் குறைந்ததில் இந்த ஒழுங்குக்குப் பெரும் பங்குண்டு. போதை மீட்பு உளவளத்துணைக்கும் இதையே கேட்கிறோம்.

அதற்கான உறுப்புகள் கரையோரத்திலேயே இருக்கின்றன. கல்முனைக்குத் தனிப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை உண்டு. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பெரிய வைத்தியசாலைகள் உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதன் இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழிப் பீடமும் இருக்கின்றன. அட்டாளைச்சேனையில் தேசிய கல்வியியல் கல்லூரி ஆசிரியர்களை உருவாக்குகிறது. இவற்றை வைத்து மூன்று அடுக்கில் ஓர் ஏற்பாடு சாத்தியம்.

முதல் அடுக்கில் ஆசிரியர், மௌலவி, கிராம உத்தியோகத்தர், குடும்பநல மாது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வி மதுசாரப் பரிசோதனை போன்ற எளிய கருவியால் ஆபத்தை இனங்கண்டு, கண்டிக்காமல் பேசி, உரிய இடத்துக்கு அனுப்புவதே இவர்களின் வேலை. இந்தப் பயிற்சியைக் கல்வியியல் கல்லூரியிலும் பல்கலைக்கழகப் பீடத்திலும் பாடமாகவே வைக்கலாம். இரண்டாம் அடுக்கில், பிரதேச செயலகத்தையோ சுகாதாரப் பணிமனையையோ சார்ந்த சான்றிதழ் பெற்ற உளவளத்துணையாளர்கள். போதையிலிருந்து மீண்டவர்களும் உரிய பயிற்சியோடு இங்கே இடம்பெற வேண்டும். பரீட்சைப் பெறுபேறு இல்லை என்பதற்காக அவர்களை வெளியே நிறுத்தக் கூடாது. மூன்றாம் அடுக்கில், வைத்தியசாலை உளநலப் பிரிவுகளைச் சார்ந்த மேற்பார்வையாளர்கள். மாதம் ஒரு தடவையாவது இரண்டாம் அடுக்கினரின் பதிவேட்டையும், நோயாளியின் சம்மதத்தோடு எடுத்த உரையாடல் பதிவையும் அவர்கள் கேட்டுத் திருத்த வேண்டும். அந்த மாதக் கூட்டத்துக்கு வராதவரின் சான்றிதழ் புதுப்பிக்கப்படக் கூடாது.

சட்டம் வரும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நிலையத்தின் படியேறினாலும் இவற்றைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இன்றே உண்டு: உங்களுக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் உரிமம் இருக்கிறதா? என் பிள்ளையோடு பேசப் போகிறவர் எங்கே, எவ்வளவு காலம் படித்தார்? அவரை மேற்பார்வை செய்பவர் யார்? முதல் நான்கு நாளில் வலிப்போ பிதற்றலோ வந்தால் எந்த வைத்தியரை அழைப்பீர்கள்? வெளியே வந்த பிறகு யார் தொடர்ந்து சந்திப்பார்? வழி தெரியாதவர்கள் சபையின் 1927 தொலைபேசி இலக்கத்தையும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையும் அழைத்து விசாரிக்கலாம். பள்ளிவாசல் நிருவாகங்கள் இந்தக் கேள்விகளை ஒரு வெள்ளிக்கிழமை குத்பாவின் பின் அச்சிட்டு விநியோகிக்கலாம். கேள்வி கேட்கும் குடும்பங்கள் பெருகும்போதுதான், பதில் சொல்லக்கூடிய உளவளத்துணையாளர்களைத் தந்தாக வேண்டிய கட்டாயம் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் வரும்.